வெயில் ஏறினால் நின்றுபோகும் சோலார் பம்பு

"காலையில நல்லாத்தான் ஓடுதுடா. வெயில் ஏற ஏறத்தான் நின்னு நின்னு போகுது."

சித்தப்பா ஃபோனில் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மேகம் மூடினால் சோலார் பம்பு நிற்கும், சரி. வெயில் கொளுத்தும்போது நிற்பதை என்னவென்று சொல்வது? கன்ட்ரோலர் சூடு தாங்காமல் படுத்துக்கொள்கிறது, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து நிழல் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு மல்டிமீட்டரும் ஸ்பேனர் செட்டுமாகப் போனேன். நினைத்தது தப்பு. அடுத்து நினைத்ததும் தப்பு. மொத்தம் நான்கு நாள் பிடித்தது.

அங்கே இருந்தது இவ்வளவுதான். 330 வாட் பேனல்கள் ஆறு, ஒன்றோடொன்று சீரியலில். பேனலுக்குக் கீழே கம்பத்தில் கன்ட்ரோலர் பெட்டி. அங்கிருந்து 40 மீட்டர் தள்ளி போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. அதற்குள் 55 மீட்டர் ஆழத்தில் 2 எச்பி நீர்மூழ்கி மோட்டார் பம்பு. தண்ணீர் ஏறுவது தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் வாய் வைத்த 20,000 லிட்டர் தொட்டிக்கு. பேட்டரி கிடையாது. தேவையும் இல்லை. வெயில் இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டால் இரவிலும் அது தானாக இறங்கி வரும். இந்த அமைப்பில் தொட்டிதான் பேட்டரி.

போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் திரையில் 186 வோல்ட். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு தேட முடியும். இந்த வகைப் பேனல் ஒன்று வேலை செய்யும்போது ஏறத்தாழ 37.5 வோல்ட் கொடுக்கும், ஆறுக்கு 225. ஆனால் அது ஆய்வகக் கணக்கு: சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், பேனலுக்குள் இருக்கும் செல்லின் சூடு வெறும் 25 டிகிரி. நிஜ வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் வோல்டேஜ் 0.4 சதவீதம் அளவுக்கு இறங்கும். ஆக, வெயிலில் காய்ந்த ஆறு பேனலில் 190 வோல்ட் கிடைத்தால் அது ஆரோக்கியம்தான். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. இரண்டும் சேர்ந்தேதான் வந்து தொலைக்கும்.

கன்ட்ரோலரின் வேலை கொஞ்சம் சுவாரசியமானது. பேனலிலிருந்து எவ்வளவு இழுத்தால் அதிகபட்ச சக்தி கிடைக்கும் என்பது வெளிச்சத்தோடும் சூட்டோடும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அது ஓயாமல் துழாவுகிறது. இழுப்பைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கும். சக்தி ஏறினால் அதே பக்கம் இன்னும் ஓரடி, இறங்கினால் பின்னால் ஓரடி. இருட்டில் காலால் தடவிப் படி ஏறுவது மாதிரி. எம்பிபிடி என்று பெட்டியில் அச்சடித்திருப்பது இதைத்தான். அப்படி எடுத்த டிசி மின்சாரத்தை மூன்று ஃபேஸ் ஏசியாக மாற்றி மோட்டாருக்கு அனுப்புகிறது. அந்த ஏசியின் அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைப்பதால் மோட்டாரின் வேகமும் கூடிக் குறையும். கம்பி வழி மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டாருக்கு ஓடு அல்லது நில் என்று இரண்டே நிலைதான். சோலார் பம்பு மேகம் வந்தால் நடை தளர்ந்து, மேகம் விலகினால் மறுபடி ஓடும்.

பதினொன்றே காலுக்கு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. 186, 178, 171. திடீரென்று 110. சிவப்பு விளக்கு, "வோல்டேஜ் குறைவு". 120க்குக் கீழே போனால் அது ஓட்டத்தை நிறுத்திவிடும். சில நிமிடத்தில் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. கன்ட்ரோலரின் சூடு காரணம் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சூடு என்றால் அதற்கென்று வேறு செய்தி வந்திருக்கும், அதன் முதுகில் கை வைத்தாலும் தாங்கக்கூடிய சூடுதான் இருந்தது.

பேனலைக் கன்ட்ரோலரிலிருந்து துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, சுமை இல்லாமல் பேனல் வரிசையின் வோல்டேஜை அளந்தேன். 246. இந்தச் சூட்டுக்கு இருக்கவேண்டிய அளவு கச்சிதமாக இருந்தது. "பேனல்ல ஒண்ணும் குறை இல்ல சித்தப்பா" என்று நானும் கச்சிதமாகச் சொல்லிவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். சுமை இல்லை என்றால் கரண்ட் ஓடவில்லை. கரண்ட் ஓடவில்லை என்றால் எவ்வளவு கேவலமான இணைப்பிலும் வோல்டேஜ் இழப்பு இருக்காது. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 246 காட்டும். சோலார் வேலையில் இந்த ஒரு அளவை நம்பி எத்தனை நல்ல பேனல்களுக்கு நற்சான்றிதழும் எத்தனை கன்ட்ரோலர்களுக்குத் தண்டனையும் கிடைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று மாலை நிழல் எங்காவது விழுகிறதா என்று பார்த்தேன், இல்லை. மறுநாள் விடியலில் பேனல்களைக் கழுவினேன். மத்தியானம் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது, விரிசல் விழலாம். பறவை எச்சம் இரண்டு இடத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. பார்க்கச் சின்ன விஷயம்தான், ஆனால் சீரியலில் ஒரு செல் இருட்டானால் அது மற்றவற்றின் கரண்டையும் மறிக்கும். அதைச் சமாளிக்கப் பேனலின் பின்பெட்டியில் பெரும்பாலும் மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கும். இருட்டான பகுதியைச் சுற்றிக்கொண்டு போக வழிவிடும். ஆனால் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கழுவி முடித்ததும் காலை ஓட்டம் கொஞ்சம் கூடியது. பதினொன்றரைக்கு மறுபடி அதே சிவப்பு விளக்கு.

அப்போதுதான் சித்தப்பா சொன்ன வார்த்தை உறைத்தது. வெயில் ஏற ஏற. வெயில் ஏறும்போது வோல்டேஜ் பெரிதாக மாறாது, ஏறுவது கரண்ட். ஒரு மோசமான இணைப்பில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். காலையில் 4 ஆம்பியர் போகும்போது இருக்கும் சூடு, நண்பகலில் 8 ஆம்பியர் போகும்போது நான்கு மடங்கு. இணைப்பில் 1 ஓம் மின்தடை இருந்தால் 8 ஆம்பியருக்கு 64 வாட். விரல் பருமன் பிளாஸ்டிக்குக்குள் 64 வாட் என்றால் சால்டரிங் அயர்னை உள்ளே வைத்த மாதிரி.

மறுபடி ஓடத் தொடங்கியதும் அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துக்கொண்டு பேனல்களின் பின்பக்கம் குனிந்து ஒவ்வொரு கனெக்டராகக் காட்டினேன். 47, 49, 48, 51, 48. கடைசியில், பேனல் வரிசையின் பாசிட்டிவ் முனை கேபிளோடு சேரும் இடத்தில், 97. கறுப்பு பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பாகி லேசாகக் கோணியிருந்தது. கிட்டே போனால் கருகல் வாடை. இத்தனை நேரம் அந்த வாடையை வேறு எதற்கோ கணக்கு எழுதியிருக்கிறேன்.

அதைக் கழற்றக் கை துறுதுறுத்தது. கழற்றவில்லை. ஏசியில் கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும், அதனால் பொறி பறந்தாலும் அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது. ஓடும்போது எம்சி4 என்னும் இந்த வகைக் கனெக்டரைப் பிடுங்கினால் நீலச் சுடர் இழுத்துக்கொண்டே வரும். முகத்தைப் பதம் பார்த்துவிடும். முதலில் ஐசோலேட்டரை அணைத்து, கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பூஜ்யம் என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். அதன்பிறகும் முனைகளில் 246 வோல்ட் உயிரோடுதான் இருக்கும், அது ஆளைக் கொல்லும். வெளிச்சம் இருக்கும்வரை பேனலை அணைக்கும் சுவிட்ச் எதுவும் கிடையாது. அதனால் மேலே கனமான தார்ப்பாயைப் போட்டு மூடினேன். கையுறையும் போட்டுக்கொண்டேன்.

பிரித்துப் பார்த்தால் கதை முழுதும் உள்ளே இருந்தது. பேனலோடு வந்த கனெக்டர் ஒரு தயாரிப்பு, கேபிளில் போட்டது வேறு தயாரிப்பு. இரண்டும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே ஊசியும் குழலும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை அல்ல. அது போதாதென்று கேபிள் முனையைச் சாதாரண பிளையரால் நசுக்கியிருந்தார்கள். இரண்டு விரலால் லேசாக இழுத்தேன், கம்பி கையோடு வந்துவிட்டது. ஆறு பேனல் வரிசையில் மீதி இணைப்புகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே போட்டு வந்தவை. இடத்தில் கையால் போட்டது இரண்டே இரண்டுதான். அதில் ஒன்று இந்த லட்சணம்.

இரண்டையும் வெட்டிப் போட்டேன். ஒரே தயாரிப்பில் ஆண், பெண் ஜோடிகள் இரண்டு வாங்கி, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தி, ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்த்து, பின்பக்க நட்டை ஸ்பேனரால் இறுக்கி, தண்ணீர் தேங்காதபடி ஃபிரேமில் தூக்கிக் கட்டினேன். அரை மணி நேர வேலை. தார்ப்பாயை எடுத்துவிட்டு ஓட்டினேன். நண்பகலில் 191 வோல்ட், ஆடாமல் அசையாமல். குழாய் வாயில் 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பார்த்தேன். 2 நிமிடம் 5 நொடி. நிமிடத்துக்கு 96 லிட்டர்! சித்தப்பா முகத்தில் வெளிச்சம். "இதெல்லாம் புதுசு புதுசா வருது, அதான் சீக்கிரம் கெட்டுப்போகுது" என்றார். அப்படியொன்றும் புதிதில்லை என்றேன். 1913லேயே எகிப்தில் மாதி என்ற இடத்தில் ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கப் பொறியாளர் நீண்ட வளைவுக் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, நீராவி உண்டாக்கி, நைல் தண்ணீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். வெயிலை நேராக மின்சாரமாக்கும் சிலிக்கான் செல் பெல் ஆய்வகத்தில் வந்தது 1954ல்தான். "சரி சரி, டீயைக் குடி" என்றார்.

டீ ஆறுவதற்குள் குழாய் வாயின் சத்தம் மாறியது. கனமாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் வெளுத்து நுரைத்தது. பிறகு 'ஃபட் ஃபட்' என்று காற்றைத் துப்பியது. நின்றது. ஓடி வந்து திரையைப் பார்த்தால் இந்தமுறை வேறு செய்தி: "தண்ணீர் இல்லை". கீழே 60 நிமிடம் என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது.

ஆக இரண்டாவது நோய். இதுவரை கனெக்டர் கோளாறு பம்பை அடிக்கடி நிறுத்தி, போருக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைச் சரிசெய்ததும் பம்பு முழு மூச்சாக இறைத்து, ஊறுவதைவிட வேகமாகக் காலி செய்துவிட்டது. நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, தண்ணீர்தான் உராய்வுக்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் ரப்பர் பேரிங் பொசுங்கிவிடும். தண்ணீர் இல்லாதபோது மோட்டாரின் சுமை சட்டென்று குறைவதை வைத்துக் கன்ட்ரோலர் கண்டுபிடித்து நிறுத்துகிறது, நல்லவேளை.

மூன்றாம் நாள் நீர்மட்டம் அளக்கும் வேலை. கடையில் கருவி கிடைக்கும், நான் கையாலேயே செய்தேன். 60 மீட்டர் மெல்லிய இரட்டை வயர், மீட்டருக்கு ஒரு டேப் அடையாளம், முனையில் இரண்டு கம்பியையும் 2 சென்டிமீட்டர் உரித்து ஒன்றையொன்று தொடாமல் கட்டி, கனத்துக்கு ஒரு போல்ட். மேலே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால், முனை தண்ணீரைத் தொட்டதும் திரை உயிர் பெறும். கேட்க எளிது. 33 மீட்டரில் போல்ட் எங்கோ மோட்டார் கேபிளைக் கட்டிய பட்டையில் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அரை மணி நேரம் தூண்டில்காரனைப் போல லேசாக இழுத்து, விட்டு, சுழற்றி, வியர்த்து வழிந்தபின் வந்தது. போல்ட்டுக்குப் பதில் இரு முனையும் கூராக்கிய ஒரு வழவழப்பான கம்பித் துண்டைக் கட்டியதும் தொல்லை இல்லை.

காலையில் பம்பு ஓடுவதற்கு முன் நீர்மட்டம் 28 மீட்டரில். முழு வேகத்தில், நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஓடவிட்டால் 35 நிமிடத்தில் 52 மீட்டருக்கு இறங்கியது. டிரம் கணக்கும் 96லிருந்து 74 லிட்டருக்கு வந்துவிட்டது. பிறகு நுரை, நிற்றல். நின்றபின் 20 நிமிடத்தில் மட்டம் 30 மீட்டருக்கு ஏறிவிட்டது. மீதி 40 நிமிடம் போர் நிறையத் தண்ணீர், தலைக்கு மேல் உச்சி வெயில், பம்பு மட்டும் தண்டனைக் காலம் முடியக் காத்திருக்கிறது. அன்று தண்ணீர் மீட்டரில் ஏறியது 14,600 லிட்டர்.

காத்திருப்பு நேரத்தை 15 நிமிடமாக மாற்றிவிடலாம், செட்டிங்கில் இடம் இருக்கிறது. பலர் அதைத்தான் செய்வார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு முறை 'தண்ணீர் இல்லை' என்று நிற்கும்போதும் பம்பு சில நொடி காற்றைக் கடித்துவிட்டுத்தான் நிற்கிறது. மட்டம் மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருந்தால் போரின் சுவரிலிருந்து மணலும் சேர்ந்து வரும்.

மாறாக வேகத்தைக் குறைத்தேன். இங்கே கொஞ்சம் கணக்கு. இந்த மாதிரி, தண்ணீரைச் சுழற்றி வீசித் தள்ளும் மையவிலக்குப் பம்பின் வேகம் பாதியானால் அது தண்ணீரைத் தள்ளும் உயரம் கால்வாசியாகும், இழுக்கும் சக்தி எட்டில் ஒன்றாகும். அதனால்தான் அதிகாலையில் மோட்டார் சுற்றுவதாகத் திரை காட்டினாலும் குழாய் வறண்டு கிடக்கும். இந்தப் போரில் 28 மீட்டரும் தொட்டியின் 4 மீட்டரும் சேர்ந்து 32 மீட்டர் தூக்கவேண்டும்; 1,750 சுற்றைத் தாண்டிய பிறகே சொட்டு வெளியே வந்தது. வேகத்தைக் குறைக்கும்போது அந்தப் பக்கம் விழுந்துவிடாமல் பார்க்கவேண்டும். 2,900, 2,800 என்று இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் விட்டு மட்டம் அளந்தேன். 2,650ல் நிமிடத்துக்கு 62 லிட்டர், மட்டம் 43 மீட்டரில் போய் அப்படியே நின்றது. இரண்டு மணி நேரம் பார்த்தேன், அசையவில்லை. ஊறுவதும் இறைப்பதும் சமம்.

அதிகபட்ச வேகத்தை 2,650 என்று பூட்டிவிட்டு வந்தேன். மறுநாள் மீட்டரில் 24,100 லிட்டர். பம்பை மெதுவாக ஓட்டியதால் ஒரு நாளைக்குக் கிடைக்கும் தண்ணீர் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. சித்தப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. இரண்டு முறை மீட்டரைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு லாபமும் உண்டு. இந்த வேகத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வாட் போதும், பேனல்கள் கொடுப்பதோ அதைவிட அதிகம். அதனால் காலையிலேயே உச்ச வேகத்தைத் தொட்டு, பிற்பகல் வரை அதே அளவில் ஓடுகிறது. 1,000 லிட்டரை 1 மீட்டர் தூக்க 2.7 வாட்-மணி என்பது இயற்கை வாங்கும் விலை. இந்தப் போரில் 24,000 லிட்டருக்கு அது சுமார் 3 யூனிட், பம்பும் மோட்டாரும் பாதியைத் தின்பதால் பேனலிலிருந்து சுமார் 6 யூனிட் போகிறது.

என்னைக் கேட்டிருந்தால் இந்தப் போருக்கு மையவிலக்குப் பம்பே போட்டிருக்கமாட்டேன். ஊற்று குறைவு, ஆழம் அதிகம் என்ற இடத்துக்கு ரப்பர் உறைக்குள் முறுக்குத் தண்டு சுழலும் வகைப் பம்பு பொருந்தும். மெதுவாகச் சுற்றினால் மெதுவாகத் தண்ணீர் வரும், ஆனால் நல்ல ஆழத்திலிருந்தும் வரும்; மங்கல் வெளிச்சத்திலும் சொட்டு விழும். மணல் வந்தால் ரப்பர் தேயும், அது அதன் குறை. காட்டுப்புற மேய்ச்சல் நிலங்களில் மாட்டுத் தொட்டிகளுக்கும் சின்னக் குடியிருப்புகளின் குடிநீருக்கும் இந்த வகைதான் நிறைய ஓடுகிறது. குளம், ஆறு, வாய்க்கால் என்றால் தரையில் வைக்கும் பம்பு போதும்; ஆனால் அது உறிஞ்சித் தூக்கும் உயரம் காற்றழுத்தத்தால் கட்டுப்பட்டது, கணக்கில் 10.3 மீட்டர், நடைமுறையில் 7 வந்தாலே பெரிது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அதிக அழுத்தம் வேண்டாம் என்பதால் சோலாரோடு நன்றாக ஒத்துப்போகும். டீசல் லாரி போய்ச் சேருவதே பாடாக இருக்கும் அகதி முகாம்களிலும் இப்போது ஆழ்துளைக் கிணறுகளைப் பேனல்தான் ஓட்டுகிறது. மின்கம்பம் வராத இடம், எரிபொருள் கொண்டுபோக முடியாத இடம், இரவில் ஆள் நின்று மோட்டார் போட முடியாத இடம், இவைதான் இதன் சொந்த ஊர்.

ஒரு வாரம் கழித்து மறுபடி ஃபோன். "தொட்டி ரொம்பி வழியுதுடா, மோட்டார் நிக்கவே மாட்டேங்குது."

தொட்டிக்குள் மிதவை சுவிட்ச் ஒன்று தொங்குவதை நானே பார்த்திருந்தேன். தண்ணீர் நிறைந்ததும் கன்ட்ரோலருக்குச் சேதி சொல்லவேண்டியது அதுதான். போய்ப் பெட்டியைத் திறந்தேன். மிதவையிலிருந்து வந்த வயர் அழகாகச் சுருட்டி, டேப் ஒட்டி, பெட்டியின் அடியில் கிடந்தது. அது போய்ச் சேரவேண்டிய இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பி. பொருத்திய நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. தொட்டி இதுவரை ஒருமுறைகூட நிறைந்ததில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. துண்டுக் கம்பியைப் பிடுங்கிவிட்டு வயரை மாட்டினேன். சித்தப்பா ஏணியில் ஏறி மிதவையைக் கையால் தூக்கினார். மோட்டார் நின்றது.